மூன்று மாதம் முடியும்வரை

முடிச்சூர்
9.1.1994

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் மூவரும் சுகம். அங்கே பிலாயில் குளிர் எப்படி? மாமாவின் இருமல் நின்றதா?

சேர்ந்துவிட்டேன். சேர்ந்தேவிட்டேன்! கிழக்குத் தாம்பரத்தில் அந்த அறக்கட்டளை நடத்தும் வகுப்பு. ஒரு வருடம். பதினெட்டுப் பேர். இரண்டே நாளில் பதினேழு பேரின் பெயரும் எனக்குப் பாடம்.

என்ன படிப்பு என்று கேட்பாய். வைத்தியம் இல்லை. நர்ஸ் வேலையும் இல்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று வருகிறவர்களுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பிறகு? வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் நடப்பதில்லை, மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? அந்தப் 'பிறகு'தான் எங்கள் வேலை. கூடவே இருந்து பழக்கத்தை மாற்ற உதவுவது. முடித்தால் ஹெல்த் கவுன்சிலர் என்று சான்றிதழ்.

அப்பாவிடம் சொன்னேன்.

"கவுன்சிலரா? எந்த வார்டுல நிக்கப் போற?"

அம்மா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

நேற்று ஒரு சோதனை காட்டினார்கள். கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசல். எட்டுச் சொட்டு சிறுநீர். விளக்கில் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் நிறம். ஒரு மனுஷியின் போன வாரம் முழுக்க ஒரு குழாய்க்குள். எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா.

பொங்கலுக்கு நீ இல்லாமல் இரண்டாவது வருடம். உன் பங்குக் கரும்பையும் நானே தின்பேன்.

உன் தங்கை,
ஜெயக்கொடி


பிலாய்
24.1.1994

என் செல்ல ஜெயாவுக்கு,

நீ தின்ற கரும்பு எனக்கு இனித்தது. இங்கே குளிரில் தேங்காய் எண்ணெயை அடுப்பருகில் வைத்துத்தான் தலைக்கு எடுக்கிறேன். மாமாவுக்கு இருமல் போய்விட்டது. இந்த வாரமும் ஆலையில் இரவு ஷிப்ட்.

படி. நன்றாகப் படி. சின்ன வயதிலிருந்தே நீ எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள். இனிமேல் அதற்குச் சம்பளமும் வரும்.

ஒரு விஷயம். உட்கார்ந்து படி. தேதி தள்ளிப் போயிருக்கிறது. இருபது நாள். நேற்று ஆலை மருத்துவமனையில் பார்த்தோம். ஆமாம் என்றார்கள்.

ஜெயா, நான் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மாமா ஷிப்டுக்குப் போகும்போது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று மாதம் முடியும்வரை அம்மாவிடம் வாயைத் திறக்காதே. யாரிடமும் சொல்லாதே. முதல் மூன்று மாதம் வெளியே சொல்லக்கூடாது என்று உனக்கே தெரியும். மாமாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். சத்தியம்.

சந்தோஷத்துடன் அக்கா,
தையல்நாயகி


முடிச்சூர்
6.2.1994

அக்கா! அக்கா! அக்கா!

உன் உடம்பு எப்படி? மாமா சட்டையை நேராகப் போடுகிறாரா?

கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அம்மா கதவைத் தட்டினாள். "தையலு இன்னா எழுதியிருக்கு?" "குளிராம்" என்றேன். வாயைப் பூட்டிவிட்டேன்.

உனக்காக எங்கள் வகுப்பு மேடத்தைக் கேட்டு எழுதுகிறேன். சுவரில் ஒட்டு. ஒன்று: காலையில் எழுந்ததும் உலர்ந்த ரொட்டி. இரண்டு: கீரை தினமும். மூன்று: பப்பாளி வேண்டாம். நான்கு: இரும்பு மாத்திரை, டீயோடு அல்ல. ஐந்து: மத்தியானம் படு. ஆறு: படியேறாதே. ஏழு: ரிக்‌ஷாவில் குலுங்காதே. எட்டு: கனம் தூக்காதே. ஒன்பது: பால். பத்து: கவலைப்படாதே.

எனக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். பூவம்மாள். ஈஞ்சம்பாக்கம் குப்பத்திலிருந்து சேலையூருக்கு மீன் கொண்டுவருகிறவள். ஐம்பது வயது. வெள்ளிக்கிழமை மீன் போணி ஆகாது. அதனால் வெள்ளிதோறும் எங்கள் கிளினிக்குக்கு வருவாள். முந்தாநாள் முதல் சோதனை. ஆரஞ்சு. ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "சரி கண்ணு" என்றாள்.

மாற்றிக் காட்டுகிறேன் பார்.

சித்தியாகப் போகும்,
ஜெயக்கொடி


பிலாய்
2.3.1994

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மா அப்பா சவுக்கியம் என்று நம்புகிறேன்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. மாமா அதே ஷிப்ட். பக்கத்து வீட்டு ஒடியா அம்மாள் நல்ல மாதிரி. எனக்கு உடம்பு பரவாயில்லை. நீ எழுதிய பத்தையும் சுவரில் ஒட்டினேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உன் மீன்காரம்மாவைப் பற்றி எழுது.

தையல்நாயகி


முடிச்சூர்
14.3.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாயிருப்பாய். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பின்பக்க வயலில் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். அப்பா தினமும் கல்லை எண்ணிவிட்டு வருகிறார்.

பூவம்மாளைப் பற்றிக் கேட்டாய். கேள்! நீலம்! தொடர்ந்து ஐந்து வெள்ளிக்கிழமை நீலம். வகுப்பில் கைதட்டினார்கள். பூவம்மாள் குழாயைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறாள். நான் குதித்தால் அவளும் குதிக்கிறாள். வெள்ளிக்கிழமை விரதமாம். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பக்திமான்.

இந்தச் சனிக்கிழமை முதல் குரோம்பேட்டையில் எனக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். வேறு விசேஷம் இல்லை.

உன் ரகசியம் பத்திரம். நானாக அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, கடிதத்தில்கூட. அம்மா பிரித்துவிட்டால்?

ஜெயா


முடிச்சூர்
20.4.1994

அக்கா,

ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கேட்கிறேன். ஷிப்ட், வெயில், வேலை என்று நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். மாமாவுக்கும் உனக்கும் ஒன்றும் இல்லையே?

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். குரோம்பேட்டையில் கிளாஸ் இல்லை.

மார்ச் முதல் வெள்ளி பட்டாபிராமன் சார் என் பின்னால் வந்து உட்கார்ந்தார். எங்கள் வகுப்புத் தலைவர். நானும் பூவம்மாளும் பேசுவதைப் பார்த்தார். கையில் கடிகாரம். முடிந்ததும் கூப்பிட்டார்.

"நாப்பது நிமிஷம் பேச்சு. அதுல நீ பேசினது எவ்வளவு தெரியுமா?"

"பாதி சார்?"

"முப்பத்தேழு."

நான் யாரையும் கேட்பதில்லையாம். சொல்கிறேனாம். இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவார். அதற்கு முன் ஒரு வாய்ப்பு. வெளியே ஒரு மனநல ஆலோசகரிடம் ஆறு தடவை போகவேண்டும். பூவம்மாளுக்காக அல்ல. எனக்காக. என்னைப் பற்றிப் பேச. ஜூன் 24 அவர் மறுபடியும் வந்து உட்காருவார். அன்று தேறினால் இருப்பேன். இல்லாவிட்டால் வீடு.

எனக்குப் பைத்தியமா என்று அழுதேன். ரயிலில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனேன். தையற்கடை மாடி. பலகையில் பெரிய எழுத்தில் 'மனநல ஆலோசனை'. கீழே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடி ஏறினேன்.

தபீதாள் மேடம். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவர் இல்லை. தூசிக்குத் தும்மிக்கொண்டே இருக்கிறார். அங்கே பேசுவது எதுவும் பட்டாபிராமன் சாருக்குப் போகாது. வந்தேன் என்ற கையெழுத்து மட்டும் போகும். "மார்க் போடறவர்கிட்ட மனசு திறக்குமா? அதான் வெளி ஆள்" என்றார். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் எங்கள் பேச்சு படியைத் தாண்டாது.

"பூவம்மாகிட்ட கடைசியா என்ன கேட்டீங்க?"

"மாத்திரை போட்டீங்களா, நடந்தீங்களா, சோறு குறைச்சீங்களா."

"அவங்க?"

"போட்டேன், நடந்தேன், குறைச்சேன்."

"அப்புறம்?"

"நீலம்."

அவர் தலையாட்டவில்லை. பாராட்டவில்லை. காத்திருந்தார். எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. அப்படி ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. பயந்துபோனேன். இறங்கும்போது இரண்டிரண்டு படியாகக் குதித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மூன்று தடவை முடிந்தது. மிச்சம் மூன்று.

வீட்டில் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்.

ஜெயா


பிலாய்
2.5.1994

ஜெயக்கொடி,

நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. பலகை மாட்டிய இடத்துக்குப் போகிறாயே, தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே நம் சொந்தக்காரர் எத்தனை பேர் தினமும் ரயிலேறுகிறார்கள்? நாளைக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறவன் காதில் விழுந்தால்? நம் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்றும் இல்லை.

மனதில் இருப்பதை ஊராரிடம் கொட்டினால் தீர்ந்துவிடுமா? கொட்டாமல் இருக்கிறவர்களும் சமைக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், ஷிப்டுக்கு டிபன் கட்டுகிறார்கள். நான் இல்லையா?

நிறுத்திவிடு. படிப்பு போனால் போகட்டும்.

தையல்நாயகி


முடிச்சூர்
12.5.1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபமும் சேர்ந்து நலமாயிருக்கட்டும். நிறுத்தப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். நேற்று நடந்தது.

நாலாவது தடவை மேடம் கேட்டார். "ஆரஞ்சுக்கு அப்புறம் நீலம் வராத ஒரு வெள்ளிக்கிழமைகூட இல்லையா?"

"இல்லை. பன்னிரண்டு நீலம்."

"உங்களுக்குச் சந்தோஷம்?"

"ரொம்ப."

"அது பூவம்மாவுக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான். பத்து நாள் அந்தக் கேள்வி காதில் வண்டு மாதிரி. இடையில் பதின்மூன்றாவது நீலமும் வந்தது. நான் குதிக்கவில்லை. நேற்று புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஈஞ்சம்பாக்கம் போனேன். பூவம்மாள் வாசலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை முறத்தால் மூடினாள்.

"இன்னா கண்ணு? இன்னிக்கு புதன்கெயமதானே?"

"சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்க வரவ பொட்டிய தூக்கினா வருவ?"

விளக்கை ஏற்றினேன். நீலம். பச்சை. மஞ்சள். நிற்கவில்லை. ஆரஞ்சு. கடைசியில் செங்கல்.

"அய்ய! செவந்துபூச்சே! உனுக்கு மார்க்கு பூடுமே!"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பேச வாயைத் திறந்தேன். மூடினேன். கடல் சத்தம் மட்டும். அக்கா, எவ்வளவு கஷ்டம் தெரியுமா, சும்மா இருப்பது?

அவளே சொன்னாள். "வியாயக்கெயம மத்தியானத்துலேந்து ஒண்ணும் துன்ன மாட்டேன். மாத்திர மட்டும் போட்டுக்குவேன். வெள்ளிக்கெயம அந்தக் கண்ணாடிய பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிப்ப பாரு, அத்த பாக்கறதுக்கோசரம். நான் பெத்தது ஒண்ணுகூட என்ன பாத்து அப்டி சிரிச்சதில்ல."

"அம்மன் விரதம்னு நெனச்சேன்."

"அம்மனுக்கா? எங்க அங்காளம்மாளே கவிச்சி துன்ற சாமி. அவளுக்கு நான் இன்னாத்துக்கு பட்டினி கெடக்கணும்?"

போன வெள்ளி பஸ் நிறுத்தத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாளாம். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்களாம். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். என் சிரிப்புக்காக. என் சிரிப்பு அவளைக் கொன்றிருக்கும்.

ஆனாலும் சொல்கிறேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பாடவேண்டும் போல இருந்தது. செங்கல் நிறம்! பதின்மூன்று பொய்க்குப் பிறகு முதல் உண்மை. இன்று காலை பட்டாபிராமன் சாரிடம் நானே சொன்னேன். "பதிமூணு வாரத்தையும் அடிச்சிடு. நாளைலேருந்து ஆரம்பி" என்றார். திட்டவில்லை. ஜூன் 24 அப்படியே இருக்கிறது.

திட்டி எழுது. ஆனால் எழுது.

ஜெயா


முடிச்சூர்
15.5.1994

அக்கா,

நேற்று ஐந்தாவது தடவை. மேடம் கேட்டார், "உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்காங்க."

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்தேன். ஜனவரி, மார்ச், மே. தரையில் வரிசையாக வைத்துப் படித்தேன்.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். அவளிடம் சொல்லவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. மூன்று மாதம் முடிந்து, அதற்கு மேலும் இரண்டு மாதம் போய்விட்டது. இந்நேரம் அம்மா வளையல் வாங்கக் கிளம்பியிருக்க வேண்டும்.

என்ன நடந்தது அக்கா?

நான் எதுவும் சொல்லமாட்டேன். எத்தனை நாளானாலும் காத்திருப்பேன்.

ஜெயா


பிலாய்
13.6.1994

ஜெயாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். உடம்பு எப்படி என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பழக்கம். இன்று அது வரவில்லை.

பிப்ரவரி 19. சனிக்கிழமை சாயங்காலம். மாமா ஷிப்டுக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம். ஒடியா அம்மாள்தான் ரிக்‌ஷா பிடித்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது. வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், நானும் சரி சரி என்றேன். ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொல்லாததைப் போய் எப்படிச் சொல்வது? வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. போய்விட்டது என்று எப்படி எழுதுவேன்? யாருக்கும் தெரியாமல் வந்தது. யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று விட்டேன். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான்கு மாதமாக நாங்கள் இருவரும் மிக மரியாதையாக இருக்கிறோம். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் நன்றாயிருக்கிறது என்கிறார்.

உன் பத்தும் சுவரில் இருந்தது. திரும்பி வந்து அதைத்தான் முதலில் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீரை தின்றேன். பால் குடித்தேன். படுத்தேன். எட்டாவதில் நின்றேன். 18ஆம் தேதி குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருமுனையிலிருந்து ஒரு வாளி தூக்கிவந்தேன். ஒரே வாளி.

அதை உனக்கு எழுத எனக்கு வெட்கம். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

உன்மேல் கோபம் இல்லை. அந்தப் பலகையைத் திட்டி எழுதினேனே, அன்று அந்த மாடியில் ஏறுவது நான் இல்லையே என்று பொறாமையாக இருந்தது.

நீ பதில் சொல்லாதே. நீ என் தங்கை, அழுவாய். அந்த மேடத்தைக் கேள். வாளியைப் பற்றிக் கேள். என் பெயரைச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

தையல்


முடிச்சூர்
27.6.1994

என் அக்காவுக்கு,

அழுதேன். அம்மாவிடம் வெங்காயம் என்றேன். அந்தப் பத்தை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீ சொன்னபடி நான் எதுவும் சொல்லவில்லை. மேடம் ஒரு பெண் டாக்டரிடம் கேட்டுவிட்டு, இதை உடனே எழுதச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன். வாளியால் இல்லை. முதல் மாதங்களில் நிற்காமல் போவது பெரும்பாலும் கருவிலேயே உள்ள குறை. ஒரு வாளி தண்ணீர் அதைச் செய்யாது. நீ எதையும் செய்யவில்லை.

இன்னொன்றும் சொன்னார். "அவங்களுக்கு நீங்க தங்கச்சியாவே இருங்க. கவுன்சிலரா இருக்காதீங்க. உங்களுக்கு வெளி ஆள் கிடைச்ச மாதிரி அவங்களுக்கும் ஒரு வெளி ஆள் வேணும்." அவரோடு படித்த ஒருவர் ராய்ப்பூரில் இருக்கிறார். ஹிந்தி. விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். போனாயா என்று கேட்கமாட்டேன்.

24ஆம் தேதி பட்டாபிராமன் சார் பின்னால் உட்கார்ந்தார். கடிகாரம். பூவம்மாள் காலையில் இட்லி தின்றுவிட்டுத்தான் வந்தாள். குழாயில் மஞ்சள். நான் ஒன்றுதான் கேட்டேன். "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?"

மின்விசிறி சுற்றியது. கதவருகே யாரோ இருமினார்கள். நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். வலித்தது.

"மூணு மணிக்கு கூடைய எறக்குவேன் பாரு, அப்ப ஒரு பசி வரும் கண்ணு. அப்ப கண்ணு மண்ணு தெரியாது. அதுக்கு இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு."

"நீங்க என்ன நெனக்கிறீங்க?"

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். "பன்னண்டுக்கே ரெண்டு இட்லி துன்னுட்டா அந்தப் பசி வராது இல்ல?" என்றாள்.

சார் தாளை நீட்டினார். 'பேசியது பதினொரு நிமிடம். தொடரலாம்.'

தொடரலாம்! அக்கா, தாம்பரம் மேம்பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நின்று தாளை மறுபடி படித்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் திட்டிய திட்டை எழுத முடியாது.

ஜெயா


பிலாய்
17.7.1994

அன்பு ஜெயாவுக்கு,

தொடரலாம்! மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த லாரிக்காரனுக்கும் சேர்த்து இனிப்பு கொடுக்கவேண்டும் என்றார். இங்கே மழை பிடித்துக்கொண்டது.

நீ கேட்கமாட்டேன் என்றாய். நானே சொல்கிறேன். வியாழக்கிழமை ராய்ப்பூர் போனேன். தனியாக. பஸ்ஸில். அந்த வீட்டுக்கு முன்னால் தெருவை இரண்டு முறை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். என் ஹிந்தி உனக்குத் தெரியும். கறிகாய் வாங்கப் போதும். இதற்குப் போதவில்லை. பாதி நேரம் வார்த்தை தேடினேன். அவர் ஒருமுறைகூட எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தார். நானாகத் தேடிப் பிடித்த வார்த்தைகளில் நான் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

கடைசியில் கேட்டார், பெயர் ஏதாவது நினைத்திருந்தீர்களா என்று.

நினைத்திருந்தேன். இருபத்தாறு நாள் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டேன், சமையலறையில் யாரும் இல்லாதபோது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, அவரும் ஒரு பெயர் வைத்திருந்தாராம். உலையருகில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பாராம். சொன்னார்.

என்ன பெயர் தெரியுமா? அவர் பெரியப்பா பெயர்! அந்தப் பெயரையா என் பிள்ளைக்கு வைப்பது என்றேன். நீ நினைத்த பெயர் மட்டும் என்ன, பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மூன்று பேருக்கு இருக்கும் என்றார். உங்கள் குடும்பத்துக்கே ரசனை கிடையாது என்றேன். என் குடும்பத்தை இழுக்காதே என்று கத்தினார். நானும் கத்தினேன். கரண்டியைக் கீழே போட்டேன். அவர் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் தாமதம். அந்தச் சத்தத்தில் ஒடியா அம்மாள் ஓடிவந்து கதவைத் தட்டினாள். திறந்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தோம்.

அக்கா,
தையல்நாயகி